கடைசிக் கிளிப்பில் நீல உறை

சட்டையை அவர் மூன்று தடவை உதறுவார். முதல் உதறலுக்குத் தண்ணீர் தெறிக்கும், இரண்டாவதற்குக் கைப்பகுதிச் சுருக்கம் பிரியும். மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றாவது இல்லாமல் ஒரு சட்டையும் கொடிக்குப் போனதில்லை. உதறியதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவார். கழுத்துப் பொத்தானையும் அடிப்பொத்தானையும் மட்டும் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார். வாயில் எந்நேரமும் இரண்டு கிளிப்புகள் இருக்கும். ஒரு துணியின் முடிவையும் அடுத்த துணியின் தொடக்கத்தையும் ஒரே கிளிப்பு பிடித்துக்கொள்ளும். கொடி நெடுக துணிகள் கைகோத்து நிற்பதுபோல இருக்கும். தெருப்பக்கக் கடைசியில் மட்டும் ஒரு நீலத் தலையணை உறை. அதற்குத் தனிக் கிளிப்பு, ஒற்றை மூலையில். மற்றதோடு ஒட்டாமல் அது நீளமாகத் தொங்கி ஆடும். எல்லாம் முடிந்ததும் கயிற்றை விரலால் ஒருமுறை சுண்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் கிழக்கே பார்ப்பார்.

தினமும் காலை ஏழு பத்துக்கு இது நடக்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் அறை. அதில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கொடிதான் முதலில் தெரியும், வானம் அப்புறம்தான். நவீன கவிதை படிக்கிற பழக்கம் உள்ளவன் தொங்கும் சட்டைகளைப் பார்த்தால் தலையில்லாத மனிதர்கள் என்று ஒரு வரி எழுதாமல் விடமாட்டான். நானும் எழுதினேன். நல்லவேளை, யாருக்கும் காட்டவில்லை.

அவர் பேருந்துப் பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றபிறகும் கட்டடம் முழுக்க அவரை டைம்கீப்பர் என்றே சொன்னார்கள். முதல் மாடியில் தனியாக இருந்தார். ஈரத்துணி நிறைந்த வாளியோடு மூன்று மாடி ஏற வேண்டும். வழியில் இரண்டாவது மாடியில் தையல்கார அக்காவின் வீடு. கதவைத் திறந்து போட்டு, வாசலை ஒட்டித் தையல் மெஷினை வைத்திருப்பார். அந்தப் படியில் ஏறுகிற இறங்குகிற யாரும் அக்காவின் வாய்க்குத் தப்ப முடியாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற எனக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

“என்ன சார், ஏழு பத்து வண்டி இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு?”

“வழியெல்லாம் டிராஃபிக்கும்மா. உங்க வீட்டுச் செருப்பு அத்தனையும் படியிலதான் நிக்குது.”

“எங்க வீட்டுக்காரர ஒரு மாசம் உங்ககிட்ட டிரெயினிங் அனுப்பட்டுமா? அந்த மனுஷனுக்குக் கொடி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது.”

“எனக்கும் முப்பத்தஞ்சு வருஷம் தெரியாதும்மா,” என்பார் அவர், வாளியைக் கை மாற்றிக்கொண்டு. அக்கா சிரிப்பார். டைம்கீப்பர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அது ஏன் என்று ஒரு போர்வை பிழிந்த அன்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனத்த போர்வை. ஜன்னலோரம் நின்ற என்னைப் பார்த்து, “தம்பி, ஒரு கை பிடியேன்,” என்றார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் மறுமுனையை. இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினோம். தண்ணீர் நடுவில் கொட்டியது.

“இத எங்க வீட்டம்மா தனியாத்தான் பிழிவா.”

“தனியா எப்படி சார்?”

“அதோ அந்தத் தொட்டிக் குழாய்ல ஒரு முனையக் கட்டிட்டு முறுக்குவா. முப்பத்தஞ்சு வருஷமா அவளுக்குக் குழாய்தான் ஒத்தாசை. நான் கீழ பேப்பர் படிச்சிட்டு இருப்பேன்.”

முறுக்கிய போர்வையைப் பிடித்தபடியே மீதியையும் சொன்னார். முகம் பார்த்துப் பேச வேண்டியிராத தூரம் அது. அதனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மனைவி இறந்த இரண்டாவது மாதம் மகள் ஒரு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பியிருக்கிறாள். இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க அதை முதல் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அவர் பெட்டியைக்கூடப் பிரிக்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் மகளே வந்தாள்.

“‘மெஷின அனுப்பினா ஆச்சா, நீ வந்து கொஞ்ச நேரம் உக்காரும்மா’ன்னு சொல்லத்தான் நெனச்சேன். வாயில வந்தது வேற. ‘உங்கம்மா கையால துவைச்ச வீட்டுக்கு மெஷின் எதுக்கு’ன்னுட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘அம்மா கைய நீங்க ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களாப்பா’ன்னா. ‘இந்த மூணு மாடியும் வாளி தூக்கித் தூக்கியே தேஞ்சு போனா. நீங்க ஒரு ஈரத்துணியத் தொட்டிருப்பீங்களா’ன்னா. கத்தல தம்பி. மெதுவாத்தான் கேட்டா. கத்தியிருந்தா நானும் கத்தி முடிச்சிருப்பேன்.”

“அப்புறம்?”

“எந்திரிச்சுப் போய் வாசக்கதவத் திறந்து பிடிச்சிக்கிட்டேன். போன்னு வாயால சொல்லல.” கையிலிருந்த முனையை இன்னொரு சுற்று முறுக்கினார். சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. “போயிட்டா. மறுநாள் காலையில வாளியத் தூக்கினேன். அவ எப்படிப் போடுவாளோ அப்படியே போடணும்னு நெனச்சுப் போட்டேன். ஒரு மாசம் ஆச்சு சரியா வர.”

மகள் தூரத்தில் இல்லை. கிழக்கே இரண்டு தெரு தாண்டி ரோஸ் நிறக் கட்டடம் ஒன்று, மேலே இரண்டு கறுப்புத் தொட்டிகளோடு. அதன் மேல்மாடியில் கணவனோடு இருந்தாள். மெயின் ரோட்டு முனை மருந்துக்கடையில் வேலை. மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

எனக்குப் பிறர் விஷயத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். “நீங்க ஒரு தடவை போய்க் கூப்பிடலாமே சார்?”

“கூப்பிட்டா வருவா. நல்ல பொண்ணு. ஆனா கதவத் திறந்து பிடிச்சவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் வான்னு நிப்பான்? அவளா வரணும் தம்பி. அந்த வாசல்ல அவளா ஒரு தடவ கால் வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.” போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, “நீ எங்கயும் போய்த் தூது சொல்லிடாத. சொல்லி வர்றது வேற, தானா வர்றது வேற,” என்றார்.

ஒருநாள் என் கடைக்கு வந்தார். கண்களைப் பரிசோதித்ததில் கிட்டத்துப் பார்வை, தூரத்துப் பார்வை இரண்டுமே குறைந்திருந்தன. “தூரத்துக்கு மட்டும் நல்லாப் போட்டுக் குடு,” என்றார்.

“பேப்பர் படிக்க வேண்டாமா சார்?” என்றார் எங்கள் முதலாளி.

“படிச்சவரைக்கும் போதும். எனக்கு ரெண்டு தெரு தள்ளித் தெரியணும்.”

“ரெண்டு தெரு தள்ளி என்ன சார், சினிமாவா ஓடுது?”

“ஒரு கொடி இருக்கு,” என்றார். முதலாளி விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு விளங்கியது. மகள் வீட்டு மாடியிலும் ஒரு கொடி இருந்தது.

அந்தக் கண்ணாடி வந்த சில மாதங்களில் அது நடந்தது. ஏழு இருபத்தைந்துக்குக் கயிற்றைச் சுண்டிவிட்டுக் கிழக்கே பார்த்தவர் நகரவேயில்லை. “தம்பி, இங்க வா. அங்க வெள்ளையா வரிசையாத் தொங்குதே, அது கைக்குட்டையா?”

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். “கைக்குட்டை இல்ல சார். குழந்தைத் துணி.”

 வாளியை எடுக்காமல் இறங்கிப் போனார், பாதியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தையல்கார அக்காவிடம் போய், மீந்த துணியில் சின்னதாக ஒரு சட்டை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாராம். அக்காவும் தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டை எங்கேயும் போகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அதையும் துவைத்து, பனியனுக்கும் துண்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் காயப்போடுவார். குழந்தைக்கு ஒரு வயதாகியிருக்கும். சட்டை இனி அதற்குப் போதாது. இருந்தாலும் துவைத்தார்.

இனிச் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது. தவிர்க்க முடியாமல் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்பாராமல் மழை கொட்டியது. நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் நான்கு சட்டைகளும் இரண்டு கால்சட்டைகளும் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில், என் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்தன. அவருடைய துணியை எடுக்க ஏறியவர் என்னுடையதையும் எடுத்திருக்கிறார். கொட்டுகிற மழையில் நின்று என் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்.

மறுநாள் ஏழு பத்துக்கு அவர் வரவில்லை. ஏழு இருபதுக்கு நான் இறங்கிப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் போர்வைக்குள் கிடந்தார். நெற்றியில் கை வைக்க முடியாத சூடு. குளியலறை வாசலில் வாளி நிறைய பிழிந்த துணி. அந்தக் காய்ச்சலிலும் ஆறு மணிக்கு எழுந்து துவைத்துவிட்டு, தூக்க முடியாமல் போட்டிருக்கிறார்.

நான் வாளியைத் தூக்கினேன்.

“எங்க எடுத்துட்டுப் போற?”

“மாடிக்கு சார். காயப்போட்டுட்டு வந்துடறேன்.”

“வேண்டாம் தம்பி. விடு.”

“இதுல என்ன சார் இருக்கு? நேத்து என் துணிய நீங்க எடுக்கலையா?”

“அதுக்கில்ல. கொடி இன்னைக்குச் சும்மா கெடக்கட்டும்.”

“ஈரமாவே வச்சா நாத்தம் வந்துடும் சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. கையை மட்டும் அசைத்தார். நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு எதிராளி எதற்குத் தயங்கினாலும் அது கூச்சமாகத்தான் தெரியும்.

மாடியில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. ஒன்றரை வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தது அத்தனையும் தானாகக் கைக்கு வந்தது. மூன்று உதறல். உள்பக்கம் வெளியே. இரண்டு பொத்தான். இரண்டு துணிக்கு ஒரு கிளிப்பு. வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டால் எச்சில் ஊறும் என்பது மட்டும்தான் எனக்குப் புதிது. நீல உறையைத் தெருப்பக்கக் கடைசியில் ஒற்றை மூலையில் மாட்டினேன். கயிற்றைச் சுண்டவும் மறக்கவில்லை. கிழக்கே ரோஸ் கட்டடத்து மாடியில் யாரோ ஒரு பெண் நிற்பது தெரிந்தது. இந்தப் பக்கம் பார்ப்பதுபோல இருந்தது. நான் சட்டென்று தொட்டி மறைவுக்கு வந்துவிட்டேன்.

தன் துணியைக் காயப்போட வந்த தையல்கார அக்கா கொடியைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார். “அச்சு அசல் அவரு போட்ட மாதிரியே இருக்கே! கண்ணாடி, உன்ன நம்பி ஒரு பொண்ணக் குடுக்கலாம்டா.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று முழுவதும் கடையில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வேலை செய்தேன். அச்சு அசல்.

செவ்வாய்க்கிழமையும் போட்டேன். துவைத்ததும் நானே. “ஏன்டா இந்தப் பிடிவாதம்,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். டாக்டரிடம் போகலாம் என்றேன். “ரெண்டு மாத்திரை போட்டா சரியாப் போகும். ஊரக் கூட்டாத.” மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்போது மட்டும் கண்ணைத் திறந்தார். “சொன்னா நான் உங்கூடப் பேசமாட்டேன்.”

புதன்கிழமை காலை துணியைக் காயப்போட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். எங்கள் தெருவிலேயே ஒரு மருந்துக்கடை உண்டு. அதைத் தாண்டி மெயின் ரோட்டு முனைக்குப் போனேன். நான் சொல்லக்கூடாது. அவளாகக் கேட்டால்? கூச்சக்காரர்களின் தந்திரம் இவ்வளவுதான்.

அவள்தான் இருந்தாள். அவருடைய அதே நெற்றி.

“காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மாத்திரை வேணும்.”

“யாருக்கு? உங்களுக்கா?”

“இல்லங்க. எங்க கட்டடத்துல... ஒரு பெரியவருக்கு.”

“வயசு?”

“எழுபத்தொண்ணு.”

அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது. “எத்தன நாளா?”

“மூணு நாளா.”

“நெஞ்சுல சளி இருந்தா மாத்திரைய நம்பி உக்காராதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்ல யாரும் இல்லையா அவருக்கு?”

சொல்லியிருக்கலாம். எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை போதும். எனக்குப் பின்னால் ஒருவர் சில்லறையை மேஜையில் தட்டிக்கொண்டு நின்றார். “இருக்காங்க,” என்றேன். “கொஞ்சம் தள்ளி இருக்காங்க.” பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் மாத்திரையைப் பார்க்கவில்லை. கடையின் பெயர் அச்சடித்த காகிதப் பையைத்தான் வாங்கி, மடியில் வைத்து, சுருக்கத்தை நீவினார்.

“அவ இருந்தாளா?”

“இருந்தாங்க சார்.”

“சொல்லலையே நீ?”

“இல்ல சார். வயசு கேட்டாங்க. எழுபத்தொண்ணுன்னேன்.”

“எழுபத்தொண்ணுன்னியா,” என்றார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். “சரி, நீ கடைக்குக் கெளம்பு. நேரமாச்சு.”

மதியம் ஒரு மணிக்கு அவருக்கு ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு இரைத்தது. எழுப்பாமல் வைத்துவிட்டு, சட்டை மாற்ற என் அறைக்கு ஏறினேன். மாடி வாசலில், கடைசிப் படியை ஒட்டி, அவர் துணிகள் அத்தனையும் ஒரு குவியலாகக் கிடந்தன. இன்னும் ஈரம். கொடி மொட்டையாக இருந்தது. மேல் வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். விடுமுறை நாட்கள் அவை, அவர்கள் மாடியில் பந்து விளையாடுவார்கள். எனக்குக் கோபமே வந்தது. ஒவ்வொன்றையும் தூசி போக உதறி, பொத்தான் பார்த்து, வரிசை பார்த்து, மறுபடி முதலிலிருந்து போட்டேன். நீல உறையில் மண் ஒட்டியிருந்தது. குழாயடியில் அலசி, பிழிந்து, கடைசியில் மாட்டினேன். இறங்கும்போது தையல்கார அக்காவிடம் பிள்ளைகளைத் திட்டிவிட்டுப் போனேன். கடைக்குத் திரும்பக் கால்மணி நேரம் தாமதமாகி முதலாளியிடம் வசவு வாங்கினேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. காய்ச்சல்காரரிடம் போய்ப் பிள்ளைகளைப் பற்றிக் கோள் சொல்வானேன்.

சாயங்காலம் கேட்டார், “யாராச்சும் வந்தாங்களா?”

“இல்ல சார். யாராவது வர்றதா சொல்லியிருந்தாங்களா?”

“இல்ல. சும்மாதான் கேட்டேன்.”

வியாழக்கிழமையும் யாராவது வந்தார்களா என்று கேட்டார். அன்றும் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவர் பேச்சு குழறியது; உதடு நீலம் பாரித்திருந்தது. தையல்கார அக்காவின் கணவர் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். நானும் அவருமாகத் தூக்கி ஏற்றினோம். அன்று கொடியில் துணி போட யாரும் இல்லை.

எட்டரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வந்தாள். நாங்கள் யாரும் ஆள் அனுப்பவில்லை. ஏழே முக்காலுக்குக் கட்டடத்துக்கு வந்து, முதல் மாடி வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறாள். தையல்கார அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவள் அந்த வாசலில் தானாகவே கால் வைத்தாள். உள்ளே ஆள் இல்லை.

அதற்குள் அவருக்கு நினைவு போயிருந்தது. மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்டதா என்று டாக்டரிடம் கேட்டோம். சொல்ல முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இறந்தார்.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, வராந்தா பெஞ்சில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாத்திரை வாங்க வந்தது நீங்கதானே?”

தலையாட்டினேன்.

“எழுபத்தொண்ணுன்னு நீங்க சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்பாவுக்கும் அதே வயசு. ரெண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனதும் நேரா மாடிக்குத்தான் ஓடினேன். துணி எல்லாம் காஞ்சிட்டு இருந்துச்சு. கடைசில நீல உறை. சரி, அப்பா நல்லாத்தான் இருக்காருன்னு எறங்கி வந்து சாப்பிட்டேன்.”

நான் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

“அந்த உறை அம்மா பழக்கம். நான் ஸ்கூல் விட்டு வர்றப்ப தெருமுனையில இருந்தே தெரியும். அது தொங்கினா அம்மா வீட்ல இருக்காங்கன்னு அர்த்தம். மூணு வருஷமா காலையில ஏழரைக்கு நான் மாடியில நிப்பேன். அப்பாவும் நிப்பாரு. கைகூட ஆட்டினதில்ல ரெண்டு பேரும். என்னைக்கு அந்தக் கொடி காலியா இருக்கோ, அன்னைக்கு ரோஷத்த எல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் போயிடணும்னு வச்சிருந்தேன். இந்த வாரம் அவர மாடியில காணல, துணி தொங்கினதால சீக்கிரமே போட்டுட்டு எறங்கிட்டாருன்னு நெனச்சேன்.” என் பக்கம் திரும்பிக் கேட்டாள், “அவருக்குத்தான் திங்கக்கிழமையில இருந்தே முடியலையே. யாரு போட்டா?”

“நான்தான்,” என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அம்மா போடற மாதிரியே இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர் மகள் வீட்டுக் கொடியைப் பார்த்துத்தான் தாத்தா ஆனதைத் தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று ‘குழந்தைத் துணி’ என்று சொன்னவனே நான்தான். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் இப்படிப் பார்க்கக்கூடும் என்பது எப்படி எனக்கு உறைக்காமல் போயிற்று என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கிளிப்பை மாற்றிப் போட்டிருந்தால், நீல உறையை மறந்திருந்தால், ஒரு சட்டையை நேராகத் தொங்கவிட்டிருந்தால்கூட அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். துணி காயப்போடத் தெரியாத எவனாவது அந்த அறையில் குடியிருந்திருந்தால் அவருக்கு மகள் கிடைத்திருப்பாள்.

இரண்டு மாதம் கழித்து அறையைக் காலி செய்தேன். கொடியைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை. பெட்டியோடு இறங்கும்போது தையல்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். வழக்கமான கிண்டல் ஏதும் இல்லை.

“கண்ணாடி, ஒண்ணு சொல்லட்டுமா? சொல்லாமலும் இருக்க முடியல. அந்தப் புதன்கிழமை மதியம் துணி கீழ கெடந்துச்சுன்னு பிள்ளைங்களத் திட்டினியே, அது அவங்க இல்ல. பதினொரு மணி இருக்கும், அவருதான் ஏறிப் போனாரு. ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து. நான் போய்த் தாங்கிப் பிடிச்சேன். ‘என்ன சார், இந்த நெலமையில எங்க போறீங்க’ன்னேன். ‘கொடி காலியா இருக்கணும்மா’ன்னாரு. காய்ச்சல்ல ஒளறுறாருன்னு நெனச்சேன். கீழ கொண்டாந்து படுக்க வச்சதும் என் கையப் பிடிச்சிக்கிட்டாரு.”

“என்ன சொன்னார்?”

“‘நான் எடுத்துப் போட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிடாதம்மா, மனசு சங்கடப்படுவான். அவ்வளவு அழகாப் போட்டிருக்கான்’னாரு.”